பம்புக்குப் பிடித்த கடை

முதல் தடவை கடைக்கு வந்தபோதே அந்த அம்மா, மீனுக்குத் தாகம் என்றார்.

நல்ல வெயில். பங்சாரிலிருந்து மினி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, கழுத்தெல்லாம் வேர்வை. கையில் ஒரு துணிப்பை. கடையில் இருந்த கண்ணாடித் தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்த வெயிலுக்கு உங்க மீனுங்களுக்கெல்லாம் தாகமா இருக்கும், இல்லண்ணே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணிக்குள்ளயே கிடக்கிறதுக்கு என்னக்கா தாகம்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் ரோஸ் சிராப் கலக்கி, ஐஸ் போட்டு, பெரிய கிளாஸில் கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மா நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அவர் போனபிறகு எனக்குக் கிடைத்தது பாட்டு.

"கடல்ல இருக்கிற மீனுக்கெல்லாம் பேரு தெரியும் உங்களுக்கு. ஒரு பொம்பளைக்குத் தாகம் எடுத்தா மட்டும் தெரியாது."

அவரை நான் அறிந்திருந்த காலம் முழுக்க இப்படித்தான். எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை அந்த வாயில் வராது. வேறு எதற்காவது, யாருக்காவதுதான் எல்லாம் வேண்டும். கால் வலித்தால், "இந்தப் பைக்கு ஒரு இடம் கிடைச்சா நல்லாயிருக்கும்" என்பார். நாம் ஸ்டூலை எடுத்துப் போட்டால், அதில் அவர் உட்கார்ந்துகொண்டு பையை மடியில் வைத்துக்கொள்வார். ரேடியோவில் பிடித்த பாட்டு வந்தால், "அந்த மஞ்ச மீனு ரசிச்சுக் கேக்குது பாருங்கண்ணே" என்பார். சத்தத்தைக் கூட்டவேண்டும் என்று அர்த்தம். பக்கத்துக் கடையிலிருந்து கறிபாப் பொரிக்கிற வாசனை வந்தால், என் மனைவி இன்னும் பசியாறவில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கி வருவேன்.

வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் எனக்கு அக்கா. அவருக்கு நான் அண்ணன். வியாபாரத்தில் அது சௌகரியம், யாருக்கும் வயதாகாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பண்டமாரான் பக்கம் சாக்கடையில் கப்பி மீன் பிடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, சைக்கிளில் தொங்கவிட்டு விற்று ஆரம்பித்தவன். இன்றைக்குக் கிள்ளானில் ஒரு கடை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை, செமினியில் மீன் வளர்க்கிற பெரிய கொட்டகை. ஒரு பேங்க்காரனும் எனக்கு வாசல் திறந்ததில்லை, என் வாசலை நானே உடைத்துத் திறந்தேன். மோரிப் கடற்கரையிலிருந்து ஜெரிகேனில் கடல்தண்ணி நிரப்பி, மோட்டார் சைக்கிளின் ரெண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் பெட்டியில் அடைத்த உப்பு வெளிநாட்டிலிருந்து வர ஆரம்பித்தது. வீட்டுத் தண்ணியில் அந்த உப்பைக் கலக்கினால் கடல் தயார். மற்ற கடைக்காரர்கள் அதைத் தொடப் பயந்தபோது நான்தான் தைரியமாக இறக்கினேன். எட்டாம் மாடியில் இருக்கிற டாக்டருக்கும் கடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் கடல்தண்ணி என்று யார் பேச்செடுத்தாலும் கடைசியில் என் பெயரில்தான் வந்து முடியும்.

அப்படித்தான் அந்த அம்மாவின் புருஷர் என்னிடம் வந்தார். ஒரு அரசாங்க இலாகாவில் எஞ்சினியர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். ஹாலில் சுவர் நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி வேண்டும் என்றார். ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தால் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும். நானே நேரில் போய்ப் பொருத்திக் கொடுத்தேன். தண்ணி கலக்கும் முறையை அவருக்கு விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவகிட்ட சொல்லுங்க. வீட்ல சும்மாதான் இருக்கா."

கையில் தேத்தண்ணித் தட்டோடு அந்த அம்மா கதவோரம் நின்றிருந்தார். நானும் சும்மா சொல்வேனா? விலாவாரியாகச் சொன்னேன். முதலில் டிரம்மில் நல்ல தண்ணி. அதில் பம்பைப் போட்டுச் சுழலவிட வேண்டும். அப்புறம்தான் உப்பு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. டிரம் நிழலில் இருக்கவேண்டும். தண்ணி தெளிந்ததும் பம்பை வெளியே எடுத்துவிட வேண்டும்.

"செய்யக்கூடாதது மூணு, நல்லா கேட்டுக்குங்கக்கா. உப்பை முதல்ல கொட்டி மேல தண்ணி ஊத்தக்கூடாது. வெயில்ல வைக்கக்கூடாது. நாள்கணக்குல பம்பை ஓடவிடக்கூடாது. செஞ்சீங்க, கரைய வேண்டியது கரையாம வெள்ளை வெள்ளையா வெளிய வந்து டிரம்மு, வயரு, பம்பு எல்லாத்துலயும் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கும். பம்பு அப்படியே நின்னுடும். அப்புறம் அதைத் தூக்கிக்கிட்டு என் கடைக்குத்தான் ஓடி வரணும்."

"உங்க கடை எங்கண்ணே?"

"பிரிக்பீல்ட்ஸ்லதான். பிளாட் இருக்கு பாருங்க, அதுக்கு முன் வரிசை."

"பிளாட்டுக்கு முன்னாலயா?"

"ஒட்டினாப்ல."

"கேட்டியா? மூணு தப்பு," என்றார் எஞ்சினியர்.

"கேட்டுக்கிட்டேங்க," என்றார் அந்த அம்மா.

அடுத்த மாதமே பம்பு நின்றுவிட்டது. அந்த வெயில் நாளில் மீனுக்குத் தாகம் என்று வந்தாரே, அன்றைக்கு அந்தத் துணிப்பையில் இருந்தது அதுதான். கெண்டியில் பல வருஷம் தண்ணி கொதிக்கவைத்தால் உள்ளே எப்படி ஓடு பிடிக்குமோ, அப்படி வெள்ளையாக மூடிப்போயிருந்தது. உள்ளே சுற்றுகிற குட்டிச் சக்கரம் அசையவே இல்லை. இதற்கு மருந்து சுக்காதான், சமையலுக்கு வாங்குகிற அதே வினிகர். ஒரு பேசினில் ஊற்றிப் பம்பை முக்கினால் நுரைத்துக்கொண்டு கரையும். ஒரு மணி நேரம் ஊறியபின் பழைய பல் பிரஷால் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

"கொஞ்சம் நேரமாகும்க்கா."

"ஆகட்டும்ணே. இந்தக் காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்துட்டு வரணும்ங்குது."

கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது பம்பு தயாராக இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். பம்பு வெள்ளை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும். மீன் செத்தால் புருஷருக்குத் தலைகுனிவு, அதனால் பம்பு நின்றால் உடனே கடைக்கு எடுத்துப்போக இந்த அம்மாவுக்கு உத்தரவு இருந்தது. எஞ்சினியருக்கு அந்தக் காலத்தில் சனிக்கிழமை அரை நாள் வேலை. அவர் வீடு திரும்புவதற்குள் இவர் திரும்பிவிடுவார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. வேறு பெட்டி உப்புக் கொடுத்துப் பார்த்தேன். உப்பு அனுப்புகிறவனை போனில் கூப்பிட்டுக் கத்தினேன். மூன்று தப்புகளையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "சரிண்ணே, உப்பை முதல்ல போடக்கூடாது" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுப் போவார். மறுவாரம் பம்பு வெள்ளையாக வரும். மற்ற வாடிக்கைக்காரர்கள் கண்ணெதிரில் அந்தப் பம்பு மேசைமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு சீனர், பழைய வாடிக்கை, அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாஸ், உங்க கடல் கல்லாப் போச்சு லா" என்று எல்லார் முன்னிலும் சிரித்தார்.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. சுண்ணாம்பு இப்படிப் பிடிக்கிற தண்ணி மீனுக்கு ஆகாது. நிறம் மங்கும், இரை எடுக்காது. ஆனால் எஞ்சினியர் பேசும்போதெல்லாம் மீன்கள் பிரமாதம் என்பார். ஆபீஸில் எல்லாரும் கேட்கிறார்களாம்.

அதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று ஒரு நாள் உப்புப் பெட்டியோடு நானே வேன் எடுத்துக்கொண்டு பங்சாருக்குப் போனேன். வார நாள், காலை நேரம். வாசல் கிரில்லில் உள்பக்கமாகப் பூட்டு. அந்த அம்மா வந்து திறந்துவிட்டு, நான் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டினார். ஜன்னல்களுக்கும் திரை. பகலிலேயே ஹாலில் தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும்தான். மீன்கள் உண்மையிலேயே பளபளவென்று இருந்தன. என் கடையில் இருந்தவைகூட அப்படி இல்லை.

போன் அடித்தது. தொட்டிக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டுப் போனை வைத்திருந்தார்கள். அவர் எடுத்து, குனிந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

"இருபத்தேழுங்க... ஆமாங்க, இப்பதான் பாத்தேன்... உப்பு கொண்டாந்திருக்காங்க... இல்லீங்க, வாசல்லயே வாங்கிக்கிட்டேன்."

நான் ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு, "தண்ணி சூடு கேப்பாரு. காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ. நாம எடுக்க லேட்டானா மீனுக்குப் பயம் வந்துரும்," என்றார்.

நான் போட்ட தெர்மாமீட்டர். நான் சொன்ன சூடு. அந்த ஹாலில் எனக்குச் சட்டைக் காலர் இறுகுகிற மாதிரி இருந்தது. தொட்டியின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, வேறு சத்தமே கிடையாது. தெருவில் போகிற வண்டிகூட ஏதோ தூரத்து ஊரில் போகிற மாதிரி கேட்டது. நான் எவ்வளவோ வீடுகளில் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் நின்றுகொண்டு எப்போது வெளியே போவோம் என்று நினைத்தது அங்கேதான்.

உப்புப் பெட்டியை இறக்கிவைக்கச் சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போனேன். சிமெண்டுத் தரையில், கொளுத்துகிற வெயிலில், மூடி இல்லாமல் டிரம் நின்றது. அடியில் உப்பு மலைபோலக் குவிந்திருக்க, அரை டிரம் தண்ணி பால்போல் கலங்கிக் கிடக்க, பம்பு திணறிக்கொண்டு ஓடியது. டிரம் சுவர் முழுக்க வெள்ளை ஓடு, விரலால் சுரண்டினால் வரவில்லை. நான் சொன்ன மூன்று தப்பும் ஒரே இடத்தில், ஒன்றுகூட விடாமல் இருந்தன.

கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் சமையலறைக்குள் கண் போனது. நிழலில், மூடி போட்ட ஒரு நீல வாளி. மூடியைத் தூக்கினேன். தண்ணி கண்ணாடி மாதிரி. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். நான் கலந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

"இது எதுக்குக்கா?"

"அது மீனுக்கு."

"அப்ப வெயில்ல இருக்கிறது?"

"அது பம்புக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பம்புக்கு உங்க கடை ரொம்பப் பிடிச்சுப்போச்சுண்ணே. வாரம் ஒரு தடவ வராம இருக்க முடியல அதால."

எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. "உப்புக்காரன்கிட்ட சண்டை போட்டேன்க்கா. எல்லாரும் என் கடையைப் பாத்துச் சிரிக்கிறான். என்னை முட்டாளாக்கிட்டீங்களே."

"பம்பு உங்களைப் பத்தி அப்படி நினைக்கலண்ணே," என்றார்.

கிரில்லைத் திறந்துவிட்டார். வேனில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார்.

வெளிக்காற்றுக்காக ஏங்கி அப்படிச் செய்கிறார் என்றுதான் அதுவரை நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை பம்பை ஊறவைத்துவிட்டு அவர் தன் காலை நடக்கவிடப் போயிருந்தார். கடைப் போன் அடித்தது. என் மனைவி எடுத்தாள்.

"ஆமா சார், வந்துட்டாங்க... இங்கதான், ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க... பாத்ரூம் போயிருக்காங்க சார், இப்பதான்... பம்பு ஊறுது சார். கையில எடுத்தா நுரை."

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன கூசாம பொய் சொல்ற? இது எத்தனை நாளா நடக்குது?"

"உங்களுக்கு இன்னும் தெரியலயா? பின்னாடி பிளாட்டுல மூணாவது மாடி. அவங்க கூடப்பிறந்த தங்கச்சி இருக்கு."

அப்புறம் சொன்னாள். எஞ்சினியர் தன் தம்பிக்கு இந்த அம்மாவின் தங்கையைப் பேசி வைத்திருந்தாராம். மண்டபம்கூடச் சொல்லியாயிற்று. அந்தப் பெண் எனக்கு இஷ்டமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிற ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது. அன்றைக்கு எஞ்சினியர் போட்ட சத்தியம், இந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணின் வாசற்படியை மிதிக்கக்கூடாது, தானும் செத்தாலும் மிதிக்கமாட்டேன் என்று. இப்போது அந்தத் தங்கைக்கு மூட்டுவாதம். கை ரெண்டும் தோளுக்கு மேலே ஏறாது. புருஷன் லோரியோடு நாள் முழுக்கப் போய்விடுகிறான். அக்காக்காரி வாரம் ஒரு தடவை போய், எண்ணெய் வைத்து, தலைக்குக் குளிப்பாட்டி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டு வருகிறார். அக்கா வரும்வரை அந்தத் தலையை வேறு யாரையும் தொடவிடுவதில்லையாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வரும்போதெல்லாம் அவர்மேல் சீயக்காய் வாசனை வரும். விரல் நுனியெல்லாம் தண்ணியில் ஊறிச் சுருங்கியிருக்கும். மீன் தொட்டியில் கைவிட்டுக் கைவிட்டு அப்படி ஆகியிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

"அவங்களே உன்கிட்ட சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொல்றாங்க? 'மூணாவது மாடியில ஒரு சீப்பு என்னையே எதிர்பாத்துக்கிட்டு இருக்குக்கா'ன்னாங்க. மீதிய நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு நான் மூன்று தப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பம்பு வரும், பேசின் தயாராக இருக்கும். சீனர் வந்து கல்லாப் போன கடலைப் பற்றிக் கேட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு சரியில்லை என்பேன். நானா, என் உப்பை நானே சரியில்லை என்று சொன்னேன்! அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஒரு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, "இந்த முறுக்குக்கு உங்க கடை வாடை பிடிச்சிருக்கு" என்றார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அவர் காரில் வந்து இறங்கினார், பின்னால் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் புருஷரும் இறங்கினார்.

பம்பு அன்றைக்குத் துணிப்பையில் இல்லை. எஞ்சினியர் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, அவரே தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். பையே இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார் எஞ்சினியர், அதே மெல்லிய குரலில். "இந்த வெள்ளை ஏன் பிடிக்குது?"

"அது வந்து சார்..."

"காரணம் இல்லாம ஒண்ணும் நடக்காது. ஒண்ணு உங்க உப்பு மோசமா இருக்கணும். இல்லன்னா இவ கலக்கிறது மோசமா இருக்கணும். ரெண்டுல எது?"

கடையில் ரெண்டு மூன்று வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் மீனே இல்லை. உப்பு மோசம் என்றால் வேறு கடைக்குப் போய்விடுவார். கலக்கியது மோசம் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் டிரம் நிழலுக்குப் போகும், பம்பு இனிமேல் நிற்காது. மூன்று வழியும் போய் முடிகிற இடம் ஒன்றுதான்.

"தெரியல சார்."

"என்ன?"

"ஏன் பிடிக்குதுன்னு எனக்குத் தெரியல."

கல்லாவில் என் மனைவி தலையைத் தூக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் வாயில் கேட்டிராத வார்த்தை அது.

எஞ்சினியர் லேசாகச் சிரித்தார். "தெரியாமத்தான் இத்தனை வருஷமா கடை வச்சிருக்கீங்களா? படிச்சவங்ககிட்டயாவது கேட்டிருக்கலாமே. இல்ல, இந்தத் தொட்டியை வித்துடலாமான்னுகூடப் பாக்கறேன்."

"விக்க வேணாம் சார்! வாரம் ஒரு தடவ சுக்காவுல ஊறப்போட்டாப் போதும், ஒண்ணும் ஆகாது. வண்டிக்கு சர்வீஸ் பண்றோமே, அந்த மாதிரி."

"சுக்காவா? வெறும் சுக்காதானா?"

"ஆமா சார்."

"அதை வீட்லயே ஊறப்போடலாமே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. கடலையே கலக்கத் தெரிந்த மூளைக்கு அது தோன்றவில்லை.

"பாசார்ல ஒரு போத்தல் வாங்கிப்போட்டா முடிஞ்சுது," என்றார் மனைவியிடம் திரும்பி. "இன்னிக்கு இவர் எப்படிச் செய்யறாருன்னு நான் உக்காந்து பாத்துக்கறேன். அடுத்த வாரத்திலேர்ந்து நீ பஸ்ஸுல அலைய வேணாம்."

நான் பேசினை எடுத்து சுக்கா ஊற்றிப் பம்பை முக்கினேன். நுரைத்தது. எஞ்சினியர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், பேப்பரை விரித்தார்.

"பம்பு ஊறட்டுங்க," என்றார் அந்த அம்மா கொஞ்ச நேரம் கழித்து. "இந்தக் காலு கொஞ்சம் நடக்கணும்ங்குது."

"கார்லதானே வந்தோம்? உக்காரு."

உட்கார்ந்தார். நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"கோயில்ல விளக்கு..."

"நேத்துதானே போனோம்."

கடையில் தொட்டி மோட்டார்கள் ஓடுகிற சத்தம் மட்டும். பங்சார் வீட்டு ஹால் அப்படியே நகர்ந்து என் கடைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. என் மனைவி கல்லாவில் உட்கார்ந்து இருக்கிற சில்லறையையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மறுபடி வாயைத் திறந்தார், மூடினார். காலுக்கு, கோயிலுக்கு, பம்புக்கு, மீனுக்கு என்று அவர் கையிலிருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எழுந்து நின்றார்.

"எனக்கு என் தங்கச்சியைப் பாக்கணும்."

எஞ்சினியர் பேப்பரைத் தாழ்த்தினார். "எந்தத் தங்கச்சி?"

"எனக்கு ஒரே தங்கச்சிதான்."

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது, உதடு உலர்ந்திருந்தது. ஆனால் கண்ணை எடுக்காமல் புருஷரையே பார்த்தார்.

"பின்னாடி பிளாட்டுல மூணாவது மாடி. வாராவாரம் போறேன். இன்னிக்கும் போகணும். அடுத்த வாரமும் எனக்குப் போகணும்."

"வாராவாரமா?" என்றார் எஞ்சினியர். என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், அட்டைப்பெட்டியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "இப்ப நீ அங்க போனேன்னா..."

வாடிக்கைக்காரர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் நடுவில் குரலை உயர்த்திப் பழக்கமில்லாத மனுஷர். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

"சார், சிராப் கலக்கட்டுமா? வெயில் ஜாஸ்தி," என்றாள் என் வீட்டுக்காரி.

அந்த அம்மா போய்விட்டார். ஓடவில்லை, வழக்கமான நடைதான். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி, கடை வரிசையின் மூலையில் திரும்பி, பிளாட் பக்கமாகக் கேட்டு மறைந்தது.

எஞ்சினியர் வாசல்வரை போனார். மூலைவரைகூடப் போயிருப்பார், ஒரு கால் தெருவில் இறங்கியும் விட்டது. அங்கே நின்று அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் போட்ட சத்தியத்தை அவரே எப்படி மிதிப்பார்? காலை உள்ளே எடுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பிப் போகவும் அவரால் முடியவில்லை. பம்பு பேசினில் இருந்தது, பெண்டாட்டி மாடியில் இருந்தார், கடையில் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சிராப் கிளாஸை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். பம்பைக் கேட்டாரா, மனைவியைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பேசினுக்குள் பார்த்தேன். நுரை எப்போதோ அடங்கியிருந்தது. ஓடெல்லாம் கரைந்து, சக்கரம் கறுப்பாக, இன்றைக்குத்தான் வாங்கின மாதிரி தெரிந்தது. விரலால் தட்டினால் சுற்றும்.

"இன்னும் நல்லா ஊறணும் சார்," என்றேன். போத்தலில் மிச்சமிருந்த சுக்காவையும் அதன்மேல் ஊற்றினேன்.